ஊருக்கொரு காதல் - 6: கடமைக்கு ஒரு சாக்லேட்

1958 பிப்ரவரி. டோக்கியோவின் ஷின்ஜுகு பகுதியில் உள்ள இசெத்தான் பல்பொருள் அங்காடியில், மேரி சாக்லேட் என்ற நிறுவனம் ‘காதலர் தினச் சிறப்பு விற்பனை’ என்று பலகை மாட்டிக் கடை விரித்தது. மூன்று நாள் வியாபாரம். விற்றது 50 யென் சாக்லேட் கட்டி மூன்று, 20 யென் வாழ்த்து அட்டை ஒன்று. ஆக, 170 யென்.

வேறொருவராக இருந்தால் கடையைக் கட்டியிருப்பார். மேரி நிறுவனமோ அடுத்த ஆண்டும் வந்தது. இம்முறை இதய வடிவச் சாக்லேட். கொடுப்பவர், பெறுபவர் இருவர் பெயரையும் அதன்மேல் எழுதித் தந்தார்கள். கூடவே ஒரு புது வழக்கத்தையும் சேர்த்து விற்றார்கள்: பெண்தான் ஆணுக்குக் கொடுக்க வேண்டும். அங்காடிக்கு வருபவர்களில் பெரும்பாலோர் பெண்கள். எனவே, இது காதல் கணக்கு அல்ல; கல்லாப்பெட்டிக் கணக்கு.

இதற்கு முன்பே, 1936-ல், கோபே நகரத்து மொரோஸோப் நிறுவனம் ஆங்கில நாளேடு ஒன்றில் காதலர் தின விளம்பரம் கொடுத்துப் பார்த்திருக்கிறது. அந்த ஏட்டைப் படித்தவர்கள் ஜப்பானில் குடியிருந்த வெளிநாட்டினர். ஊர் அதைக் கண்டுகொள்ளவில்லை.

பிறகு எப்படிப் பிடித்தது? 1960களின் பிற்பகுதியில்தான் ஜப்பானில் காதல் திருமணங்கள், பெரியவர்கள் பார்த்து முடிக்கும் திருமணங்களை எண்ணிக்கையில் முந்தின. தன் துணையைத் தானே தேடலாம் என்று வந்துவிட்டது. ஆனால், பெண் முதலில் வாய் திறப்பதா? அதற்கு ஒரு சாக்கு வேண்டியிருந்தது. 1970களில் பள்ளி மாணவிகள் அந்தச் சாக்கைச் சாக்லேட்டில் கண்டுகொண்டார்கள்.

பிப்ரவரி 13 மாலை, பெண் பிள்ளைகள் உள்ள வீடுகளின் சமையலறையைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். கடையில் வாங்கிய சாக்லேட் கட்டியைப் பலகையில் வைத்துக் கத்தியால் பொடிப்பொடியாக நறுக்குகிறார்கள். வெந்நீர்ப் பாத்திரத்தின் மேல் இன்னொரு கிண்ணத்தை வைத்து அதை உருக்குகிறார்கள். தண்ணீர் ஒரு சொட்டு உள்ளே தெறித்தாலும் சாக்லேட் திரிதிரியாகிவிடும். உருகியதை அச்சில் ஊற்றி, ஆறவைத்து, மேலே வண்ணத் தூவல் போட்டு, காகிதத்தில் சுற்றி, நாடா கட்ட வேண்டும். மறுநாள் அதை நேரில் கொடுக்கத் துணிச்சல் இல்லாதவள், பள்ளி வாசலில் செருப்பு மாற்றும் இடத்தில், அவனுடைய காலணிப் பெட்டிக்குள் வைத்துவிட்டு ஓடுவாள். ஜப்பானியச் சித்திரக் கதைகள் அலுக்காமல் வரைந்த காட்சி இது. கடைக்காரர் கிளப்பிவிட்ட வழக்கம்தான். இருந்தாலும், வாய்ப்பே இல்லாத இடத்தில் பெண்ணுக்கு ஒரு நாள் கிடைத்ததே என்று எனக்கு இதன்மேல் ஒரு பிரியம் உண்டு.

அந்தப் பிரியத்தைக் கெடுத்தது அலுவலகம். 1980களில் ‘கிரி சோக்கோ’ பரவியது. ‘கிரி’ என்றால் கடமை, கடப்பாடு. மேலாளருக்கு ஒன்று, பக்கத்து மேசைக்காரருக்கு ஒன்று, பிரிவில் உள்ள ஆண்கள் எல்லோருக்கும் ஆளுக்கொன்று. கிட்டத்தட்ட நம் ஊர் மொய்தான், விட்டுப்போனால் மனத்தாங்கல். மனத்தில் இருப்பவனுக்குக் கொடுப்பது ‘ஹொன்மெய்’. அது ஒன்றே ஒன்று. மற்றதெல்லாம் பெண்ணின் கைக்காசில் கழியும் கடன்.

மொய் என்றால் திரும்ப வர வேண்டுமே! புகுவோகா நகரத்து இஷிமுரா மான்செய்தோ என்ற இனிப்புக் கடை அதற்கும் வழி செய்தது. சாக்லேட் வாங்கிக்கொள்ளும் ஆண்கள் பதிலுக்கு ஒரு மார்ஷ்மெல்லோகூடத் தருவதில்லை என்ற பெண்ணின் ஆதங்கத்தை ஓர் இதழில் படித்துத்தான் யோசனை பிறந்தது என்பது நிறுவனம் சொல்லும் கதை. 1978 மார்ச் 14-ல் ‘மார்ஷ்மெல்லோ நாள்’ வந்தது. 1980-ல் நாட்டின் இனிப்புத் தொழில் சங்கம் அதையே ‘வெள்ளை நாள்’ ஆக்கிவிட்டது. வாங்கியதைப்போல் மூன்று மடங்கு மதிப்பில் ஆண் திருப்ப வேண்டும் என்று ஒரு பேச்சும் உண்டு. வேடிக்கை என்னவென்றால், இன்று அந்த நாளில் மார்ஷ்மெல்லோ கொடுத்தால் ‘உன்னைப் பிடிக்கவில்லை’ என்று பொருள் கொள்பவர்கள் பலர். வாயில் வைத்ததும் கரைந்து காணாமல் போகிறதாம்!

2018 பிப்ரவரி 1 அன்று நிக்கேய் நாளேட்டில் ஒரு முழுப்பக்க விளம்பரம். கடமைச் சாக்லேட்டை விட்டுவிடுவோம், சிரமப்பட வேண்டாம் என்று ஆண்களே, அதிலும் நிறுவனத் தலைவர்களே பெண் ஊழியர்களிடம் சொல்லுங்கள் என்றது அது. கொடுத்தது யார் தெரியுமா? விலையுயர்ந்த சாக்லேட் விற்கும் கொதிவா! மலிவு விலை பிளாக் தண்டர் நிறுவனம் இதைக் கேட்டுச் சும்மா இருக்குமா? ‘பார்த்ததுமே கடமை என்று தெரிந்துவிடும் சாக்லேட்’ என்று விளம்பரம் செய்தே பிழைத்த நிறுவனம் அது. அவர்கள் வழி அவர்களுக்கு, எங்கள் வழி எங்களுக்கு என்று பதில் சொன்னது.

என் தீர்ப்பு பெண்கள் பக்கம். யாருடைய விளம்பரத்துக்காகவும் அவர்கள் காத்திருக்கவில்லை. தோழிகளுக்குள் மாற்றிக்கொள்ளும் ‘தோமோ சோக்கோ’வை ஏற்கெனவே தொடங்கியிருந்தார்கள். இப்போது பிப்ரவரியில் அங்காடிகளின் இனிப்புத் தளத்தில் வரிசையில் நின்று, பாரிஸ் தயாரிப்பில் இருப்பதிலேயே நல்ல பெட்டியைத் தங்களுக்கென்றே வாங்கிப் போகிறவர்கள் ஏராளம். மேலாளருக்கு மிஞ்சினால்தான்.

அடுத்த வாரம் கொரியா. பிப்ரவரியிலும் மார்ச்சிலும் எதுவும் கிடைக்காதவர்கள், ஏப்ரல் 14 அன்று கறுப்புக் குழம்பு ஊற்றிய நூடுல்ஸ் சாப்பிடும் ஊர் அது.