பிளாக்பெர்ரி பிழைக்குமா?

2013 நவம்பரில் பிளாக்பெர்ரியின் தலைமைப் பொறுப்புக்கு ஜான் சென் வந்த செய்தியைப் படித்ததும் எங்கள் வானொலி நிலையத்தில் ஒரே கேலி. கேலி செய்தவர்களில் பாதிப் பேர், அதற்கு நான்கு வருடங்களுக்கு முன் அதே கைப்பேசியை உறைபோட்டு இடுப்பில் மாட்டிக்கொண்டு திரிந்தவர்கள்தான்!

அப்போது நாங்கள் தொலைபேசி எண் கேட்க மாட்டோம். பிபிஎம்முக்கான எட்டு எழுத்து 'பின்' எண்ணைத்தான் கேட்போம். அனுப்பிய செய்தியின் பக்கத்தில் 'டி' வந்தால் போய்ச் சேர்ந்தது, 'ஆர்' வந்தால் படித்துவிட்டார்கள். 'ஆர்' விழுந்தும் பதில் வராமல் முறிந்த காதல்கள் எத்தனையோ, என் நேயர்கள்தான் சொல்ல வேண்டும்.

கனடாவின் வாட்டர்லூ நகரில் 1984இல் தொடங்கிய நிறுவனம் இது. மின்னஞ்சலை உள்ளங்கைக்குக் கொண்டுவந்தது இதன் பெரிய சாதனை. அந்தச் சாதனையே பிறகு கண்ணை மறைத்துவிட்டது என்பேன். 2007இல் ஐஃபோன் வந்த பிறகு மக்கள் பட்டன்களைத் தேடவில்லை, செயலிகளைத் தேடினார்கள். செயலி எழுதுபவர்கள் கூட்டம் இருக்கும் இடத்துக்குத்தான் போவார்கள். செயலி இல்லாத கைப்பேசிக்குக் கூட்டம் வராது. 2013 ஜனவரியில் புதிய இயங்குதளத்துடன் வந்த ஸெட்10 இந்தச் சுழலில்தான் சிக்கியது. விற்காமல் தேங்கியதால் ஒரே காலாண்டில் 96.5 கோடி டாலர் நட்டம். 4,500 பேருக்கு வேலை போகும் என்று அறிவிப்பு. 470 கோடி டாலருக்கு வாங்க முன்வந்த ஃபேர்ஃபேக்ஸும் பின்வாங்கி, மற்ற முதலீட்டாளர்களோடு சேர்ந்து 100 கோடி டாலர் கடன்பத்திரத்தோடு நின்றுகொண்டது.

சென் ஹாங்காங்கில் பிறந்தவர். தடுமாறிய சைபேஸ் மென்பொருள் நிறுவனத்தைத் தூக்கி நிறுத்தியவர். 2010இல் அதை எஸ்ஏபி 580 கோடி டாலருக்கு வாங்கியது. 2013இல் கைப்பேசித் தயாரிப்பை ஃபாக்ஸ்கானிடம் ஒப்படைத்தார். முதல் மலிவுக் கைப்பேசி, பிளாக்பெர்ரியை அப்போதும் கைவிடாமல் இருந்த இந்தோனேசியாவுக்கு என்றார்கள். புத்திசாலித்தனம்தான். ஆனால் பிபிஎம்மை ஆண்ட்ராய்டுக்கும் ஐஃபோனுக்கும் திறந்துவிட்டது 2013 அக்டோபரில்தான். அதற்குள் நம் குடும்பக் குழுக்கள் எல்லாம் வாட்ஸ்அப்புக்குக் குடிபோய்விட்டன.

"கியூ10 வாங்கலாமா அண்ணே?" என்று அப்போது ஒரு நேயர் கேட்டார். "அலுவலகம் கொடுத்தால் வாங்கிக்கொள் தம்பி. சொந்தக் காசு என்றால், அந்த இந்தோனேசியக் கைப்பேசி வரும்வரை பொறு" என்றேன்.