தட்டில் சோறு, வானில் புகை



டெல்லியில் ஊழியம் செய்யும் எனக்கு நவம்பர் மாதம் வந்தாலே உள்ளத்தில் ஒரு பாரம். சென்ற ஆண்டு அம்மாதத்தின் ஒரு ஞாயிறன்று ஆராதனை முடிந்தபின், சகோதரி ஒருவர் தம் ஆறு வயது மகனை ஜெபத்திற்காக அழைத்து வந்தார். பிள்ளைக்கு மூச்சிரைப்பு, இரவெல்லாம் உறக்கமில்லை. "ஐயா, பஞ்சாபில் வைக்கோலைக் கொளுத்துகிறார்களே, அவர்களுக்கு மனசாட்சியே இல்லையா?" என்று கண்ணீரோடு கேட்டார். அக்கேள்வி நியாயமானது என்றே நானும் எண்ணினேன்.

அன்று மதியம் சபையில் அன்பின் விருந்து. பந்தி முடிந்தபோது இரண்டு அண்டாக்களில் சோறு மீந்து, மாலையில் குப்பைக்குப் போயிற்று. சமையலறையில் கிடந்த வெற்றுச் சாக்கைப் பார்த்தேன். அதில் பஞ்சாபிலுள்ள ஓர் அரிசி ஆலையின் முகவரி அச்சிடப்பட்டிருந்தது. சகோதரியின் கேள்வி இப்போது என்னை நோக்கித் திரும்பிற்று.

பசித்த தேசத்தைப் போஷித்தவர்கள்

1965, 1966 ஆகிய இரு ஆண்டுகளும் மழை பொய்த்தது. அமெரிக்கக் கோதுமைக் கப்பல்களை எதிர்நோக்கித் தேசம் காத்திருந்தது. கும்பகோணத்தில் பிறந்த எம்.எஸ். சுவாமிநாதன் முதலான விஞ்ஞானிகள், நார்மன் போர்லாக் உருவாக்கிய குட்டைரகக் கோதுமையை நம் வயல்களுக்குக் கொண்டுவந்தனர். அதைத் துணிந்து விதைத்தவர்களில் முதன்மையானவர்கள் பஞ்சாப் விவசாயிகள். பின்பு அரசு நெல்லையும் ஆதார விலைக்குக் கொள்முதல் செய்தது. 1960-61இல் பஞ்சாபில் ஏறத்தாழ 2.27 லட்சம் ஹெக்டேரில் இருந்த நெல் சாகுபடி, இன்று 30 லட்சம் ஹெக்டேரைத் தாண்டிவிட்டது. பஞ்சாபியரின் அன்றாட உணவோ ரொட்டி. அவர்கள் விளைவித்த நெல்லில் பெரும்பகுதி இந்திய உணவுக் கழகத்தின் வழியாகப் பிற மாநிலங்களின் நியாயவிலைக் கடைகளுக்குச் சென்றது.

வற்றிய நிலமும் எழும்பிய புகையும்

இதற்கு விலை கொடுத்தது அந்த நிலம். பஞ்சாபில் ஒரு கிலோ அரிசி விளைய 5000 லிட்டருக்கும் அதிகமான நீர் செலவாவதாக விவசாயச் செலவு மற்றும் விலை ஆணையம் கணக்கிட்டுள்ளது. ஆண்டுதோறும் ஊறுவதைக் காட்டிலும் ஒன்றரை மடங்குக்கும் மேலான நீர் அங்கே நிலத்தடியிலிருந்து இறைக்கப்படுகிறது. நீரைக் காக்க 2009ஆம் ஆண்டு மாநில அரசு ஒரு சட்டம் இயற்றியது. கடுங்கோடையில் நாற்று நடுவதைத் தடுத்து, நடவை ஜூன் மாதத்திற்குத் தள்ளியது. நோக்கம் நல்லதே. ஆனால் நடவு தள்ளிப்போனதால் அறுவடையும் தள்ளிப்போயிற்று. அறுப்பு முடிந்து கோதுமை விதைக்க இரண்டு மூன்று வாரங்களே மிஞ்சின. அறுவடை இயந்திரம் விட்டுச் செல்லும் தாளை அகற்றக் கூலியும் வேண்டும், நாளும் வேண்டும். இரண்டும் இல்லாத விவசாயி தீக்குச்சியை எடுக்கிறான். பனிக்காலம் நெருங்கும் அவ்வேளையில் காற்று அப்புகையை டெல்லிக்குக் கொண்டுவருகிறது.

டெல்லியின் புகைக்கு வாகனங்களும் கட்டடத் தூசியும் ஆலைகளும் காரணமே. எனினும் வயல் புகையில் நம் சோற்றுக்கும் ஒரு பங்கு உண்டு என்பதை மறுக்க இயலுமோ?

இயற்கை விவசாயம் ஒன்றே தீர்வா?

எல்லாரும் இயற்கை விவசாயத்திற்கு மாறிவிட்டால் போதும் என்பர் சிலர். சிக்கிம் மாநிலம் 2003இல் அத்தீர்மானத்தை எடுத்து, படிப்படியாக நடந்து, 2016இல் முழு இயற்கை விவசாய மாநிலமாக அறிவிக்கப்பட்டது. இலங்கையோ 2021இல் இரசாயன உரத்தின் இறக்குமதியை ஒரே அடியாகத் தடைசெய்தது. நெல் விளைச்சல் சரிந்தது. சில மாதங்களிலேயே தடையை விலக்க நேர்ந்தது. நிலம் தேறக் காலம் பிடிக்கும். அக்காலத்தில் விளைச்சல் குறைந்தால் அந்த நஷ்டத்தை விவசாயி ஒருவனே சுமப்பது நீதியாகாது. வாங்கி உண்கிற நாமும் அதில் பங்கேற்க வேண்டும்.

நாம் செய்யத்தக்கது

வயலின் ஓரங்களை அறுக்காமல் எளியவனுக்கு விட்டுவிடவும், ஏழாம் ஆண்டில் நிலத்திற்கு ஓய்வு தரவும் இஸ்ரவேலருக்குக் கட்டளை இருந்தது. நமக்கு வயல் இல்லை. ஆனால் சமையலறை உண்டு.

முதலாவது, வீணாக்காதிருப்போம். கொட்டப்படும் ஒவ்வொரு கிலோ அரிசியோடும் பல ஆயிரம் லிட்டர் நீரும் கொட்டப்படுகிறது.

இரண்டாவது, வாரத்தில் இரண்டு வேளையாவது கம்பு, சோளம், கேழ்வரகு உண்போம். நெல்லைவிட மிகக் குறைந்த நீரில் விளைபவை இவை. ராஜஸ்தானிலும் ஹரியானாவிலும் விளையும் கம்பு, பாஜ்ரா என்னும் பெயரில் நம் தெருக் கடையிலேயே கிடைக்கிறது. கம்பங்கூழ் குடித்து வளர்ந்தவர்களின் பேரப்பிள்ளைகள் அல்லவா நாம்?

மூன்றாவது, இயற்கை முறையில் விளைவித்து நேரில் விற்கும் விவசாயியிடம் பேரம் பேசாதிருப்போம். பெரிய அங்காடியில் கேட்ட விலையைக் கொடுக்கும் நாம், மண்ணில் உழைப்பவனிடம் ஐந்து ரூபாய்க்கு வாதாடலாமா?

எங்கள் சபையில் இப்போது விருந்துக்கு முந்தின ஞாயிறே தலைகளை எண்ணி அரிசி அளக்கிறோம். ஒரு பதார்த்தம் சிறுதானியத்தில் செய்கிறோம். இதனால் டெல்லியின் வானம் தெளிந்துவிடவில்லை. அந்தப் பிள்ளைக்காக இன்னும் ஜெபிக்கிறோம். ஆனால் அவன் தாய் இப்போது பஞ்சாப் விவசாயியின் குடும்பத்திற்காகவும் ஜெபிக்கிறார்.

போஜனத்திற்கு முன் ஸ்தோத்திரம் செலுத்தும்போது, இந்தச் சோற்றுக்காக யாருடைய கிணறு வற்றியது என்பதையும் நினைவுகூருவோமாக.