தொட்டிக் கமேலியாவின் இலைக் கருகலும் கிணற்று நீரும்

கமேலியாவும் தேயிலையும் ஒரே இனத்துச் செடிகள். குளிர்ந்த காற்றும், அமிலத்தன்மை வாய்ந்த மண்ணும், தேங்காத ஈரமும் இவை வேண்டுவன. ஆதலின், ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரமுள்ள உதகமண்டலத்தில் செழிக்கும் கமேலியாவைக் கொணர்ந்து, கோடையில் வெப்பம் 40 பாகை செல்சியஸைத் தாண்டும் திருத்தணியில் தொட்டியிலிட்டு வளர்த்தால், அதன் இலைகள் கருகுதல் வியப்பன்று. அழகுச் செடியொன்றால் விவசாயிகளுக்கு யாது பயன் என வினவலாம். நிலத்தில் மெல்லச் சேரும் உப்பு, தொட்டியின் சிறிதளவு மண்ணில் விரைவில் சேர்கிறது. வயலின் தீங்கைத் தொட்டி முன்னரே காட்டிவிடும்.

முதலில் நோயின் காரணத்தை அறிதல் வேண்டும். இலையின் நுனியும் ஓரமும் கருகினால் உப்பு மிகுதியோ, நீர்க் குறைவோ காரணமாகும். வெயில் படும் பக்கத்தில் மட்டும் பழுப்புத் திட்டுகள் தோன்றினால் அது வெயிலின் சூடு. இளந்தளிர் மஞ்சளாகி நரம்புகள் மட்டும் பச்சையாயிருந்தால், சுண்ணாம்பு மிகுந்த நீரினால் வேர் இரும்புச் சத்தை ஏற்கவில்லை என்றறிக. மண் ஈரமாயிருந்தும் செடி வாடினால் வேர் அழுகியிருக்கக்கூடும்.

பரிகாரம் வருமாறு:

1. கிளையின் பட்டையை நகத்தால் சிறிது கீறிப் பார்க்கவும். உள்ளே பச்சையாயிருப்பின் உயிருண்டு.

2. வேர் அழுகல் ஐயமிருந்தால் செடியை மண்கட்டியோடு எடுத்து, கறுத்து மெத்தென்றான வேர்களைக் கத்தரித்து நீக்கவும்.

3. அடியில் துளையுள்ள தொட்டியில் இலைமக்கு, ஆற்றுமணல், நன்கு கழுவிய தென்னைநார்க் கழிவு ஆகியவற்றைக் கலந்து நடவும். சுண்ணாம்பும் சாம்பலும் சேர்த்தல் கூடாது.

4. உப்பே காரணமாயின், தொட்டியின் கொள்ளளவைப் போல் இரண்டு மூன்று மடங்கு மழைநீரை மெதுவாக ஊற்றி, அடித்துளை வழியே வடியவிடவும்.

5. காலை வெயில் மட்டும் படும் நிழலில் வைத்து, மேல்மண் காயத் தொடங்கியபின் நீர் விடவும். புதுத்தளிர் வரும்வரை உரமிட வேண்டா.

கருகிய இலை மீண்டும் பச்சையாகாது. புதுத்தளிரே குணமானதற்கு அடையாளம்.

இனி, வயலைப் பற்றிக் கூறுவோம். அதே கிணற்று நீர் பாயும் மல்லிகைத் தோட்டத்திலும் தளிர் வெளுத்தால், லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதி கரைத்து, பச்சை திரும்பும்வரை மாதமொருமுறை தெளிக்கலாம். எனினும் இது தற்காலிக உதவியே. மண்ணையும் நீரையும் சோதனைச்சாலைக்கு அனுப்பி, உப்பின் தன்மையை அறிதலே முறை. அறியாது ஜிப்சம் இடுதல் வீண்செலவு.

தமிழ்நாட்டில் 2003-ஆம் ஆண்டிலேயே கட்டடங்களில் மழைநீர்ச் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது. கூரை நீரைத் தொட்டிச் செடிக்குச் சேமித்தல் ஒவ்வொரு வீட்டாரின் கடமை. ஐப்பசி மழைக்கு முன் ஏரிகளின் வரத்துக் கால்வாய்களைத் தூர்வாரச் செய்தல் கிராம அலுவலர்களின் கடமை. ஏரி நிறைந்தால் கிணற்றில் நல்ல நீர் ஊறும். உப்பின் செறிவும் குறையும். தொட்டியில் ஓர் இலை கருகும்போதே கிணற்றைச் சோதிப்பவர், ஒரு போகத்தின் நட்டத்தைத் தவிர்த்தவராவார்.