உப்புப் பார்க்காத சமையல்

நூறு பேருக்குச் சமைக்கும் திருமண வீட்டில்கூட, தலைமைச் சமையற்காரர் சாம்பாரில் ஒரு துளியை உள்ளங்கையில் விட்டு உப்புப் பார்த்த பிறகே பந்திக்கு அனுப்புவார். பூரி ஸ்ரீ ஜகந்நாதர் ஆலயத் திருமடைப்பள்ளியில் அவ்வழக்கம் இல்லை. திருவிழா நாட்களில் பல்லாயிரவர் உண்ணும் அமுது அங்கே தயாராகிறது. ஆயினும் இறைவன் அமுது செய்வதற்கு முன் எவர் நாவும் அதைத் தீண்டலாகாது.

ஆலயத்தின் அக்னி மூலையான தென்கிழக்கில் அமைந்த இம்மடைப்பள்ளிக்கு ரோஷகரா என்று பெயர். இங்கே நூற்றுக்கணக்கான அடுப்புகள் எரிகின்றன. எரிபொருள் விறகு மட்டுமே. பாத்திரங்கள் யாவும் புதிய மண்பானைகள். ஒருமுறை சமைத்த பானையில் மறுமுறை சமைப்பதில்லை. ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய பானைகளில் அன்னமும் பருப்பும் காய்கறியும் வேகின்றன. வெங்காயம், பூண்டு மட்டுமல்ல, உருளைக்கிழங்கும் தக்காளியும் உள்ளே வருவதில்லை.

சமைப்போர் சுவாரர் எனப்படும் பரம்பரைக் கைங்கர்யக்காரர்கள். நீர் இறைப்போர், காய் நறுக்குவோர், அரைப்போர் எனத் துணை நிற்போர் பலர். இத்தனை கைகளை நடத்துபவருக்கு, தம் நாவைக் கேட்டுத் திருத்திக்கொள்ளும் வசதி கிடையாது. உப்பின் அளவைக் கை அறிய வேண்டும். பருப்பின் பதத்தைக் கண் அறிய வேண்டும். தந்தையின் அருகில் நின்று மகன் ஆண்டுக்கணக்கில் பழகிய பழக்கமே அங்கு அளவுகோல்.

தூய்மைக்குப் பங்கம் நேர்ந்துவிட்டால், பரிகாரம் கடுமையானது. சமைத்தவை அனைத்தும் மண்ணில் புதைக்கப்படும். இடத்தைத் தூய்மை செய்து, மீண்டும் முதலிலிருந்து உலை வைக்க வேண்டும். ஒருவரின் கவனக்குறைவு அனைவரின் உழைப்பையும் மண்ணுக்குள் அனுப்பிவிடும். பசியோடு காத்திருக்கும் பக்தரும் காத்திருக்கவே வேண்டும். 'இவ்வளவு உணவு வீணாகிறதே' என்று மனம் தயங்கலாம், கைங்கர்யம் தயங்குவதில்லை.

அங்கு உண்மையில் சமைப்பவள் மகாலட்சுமித் தாயாரே. சுவாரர்கள் அவள் கைக்கருவிகள் என்பது பக்தர்களின் நம்பிக்கை. 'நான் சமைத்தேன்' என்ற எண்ணத்திற்கு அங்கே இடமில்லை. ஜகந்நாதருக்கு நிவேதனமாகி, பின்னர் விமலா தேவிக்கும் நிவேதனமான பிறகே அவ்வன்னம் மகாபிரசாதம் ஆகிறது. ஆலய வளாகத்திலுள்ள ஆனந்த பஜாரில் சாதி வேறுபாடின்றி யாவரும் அதை ஒன்றாக அமர்ந்து உண்கின்றனர். சமைத்தவர் தம் சமையலின் சுவையை அறிவதும் பிரசாதமாகத்தான்; எல்லோரையும் போலவே கையேந்தித்தான்.

அடுத்த வெள்ளிக்கிழமை நம் இல்லத்தில் சர்க்கரைப் பொங்கல் கிளறும்போது, 'இனிப்புப் போதுமா?' என்று கரண்டி உதட்டருகே வரக்கூடும். அப்போது பூரியின் மண்பானைகளை நினைத்துக்கொள்வோம். குறை இருந்தால் இருக்கட்டும். முதல் சுவை அவனுக்கே உரியது.