நெடுந்தீவு: கல்வேலிகளும் நன்னீர்க் கிணறுகளும்

நெடுந்தீவு இலங்கையின் யாழ்ப்பாண மாவட்டத்தில், பாக்கு நீரிணையில் அமைந்துள்ள ஒரு தீவாகும். யாழ்ப்பாணத்தைச் சூழ்ந்துள்ள தீவுகளில் கரையிலிருந்து தொலைவில் தனித்துக் கிடப்பது இதுவே. ஏறத்தாழ 50 சதுர கிலோமீட்டர் பரப்புடைய இத்தீவு ஒரு தனிப் பிரதேச செயலர் பிரிவாக இயங்குகிறது. தமிழக நாளிதழ்களில் இதன் பெயர் பெரும்பாலும் மீனவர் கைது பற்றிய செய்திகளிலேயே வருகிறது. ஆனால் நெடுந்தீவு மக்கள் வாழும் ஊர். அதற்கெனத் தனித்த நிலமும் வரலாறும் விருந்தோம்பும் பண்பும் உண்டு.

பெயர்

நீண்ட தீவு என்ற பொருளில் நெடுந்தீவு என்னும் பெயர் வழங்குகிறது. கால்நடைகள் மிகுந்திருந்ததால் பசுத்தீவு என்றும் அழைக்கப்பட்டது. போர்த்துக்கேயரும் பசுக்களின் தீவு என்றே தம் மொழியில் குறித்தனர். 1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் இப்பகுதித் தீவுகளுக்குத் தம் நாட்டு நகரங்களின் பெயர்களைச் சூட்டினர். வேலணை லைடன் ஆனது, காரைநகர் ஆம்ஸ்டர்டாம் ஆனது, நெடுந்தீவு டெல்ஃப்ட் ஆனது. மற்றப் பெயர்கள் வழக்கொழிந்தாலும், ஆங்கிலத்தில் நெடுந்தீவு இன்றும் டெல்ஃப்ட் என்றே எழுதப்படுகிறது.

நிலமும் கல்வேலிகளும்

திருவண்ணாமலை போன்ற கருங்கல் நாட்டிலிருந்து வருவோருக்கு இத்தீவின் நிலம் புதுமையாகத் தோன்றும். மலையோ ஆறோ இல்லை. சுண்ணாம்புக் கற்பாறையின் மேல் மெல்லிய மண் படிந்துள்ளது. பல இடங்களில் மண்ணை விடக் கல்லே மிகுதி. பயிரிடுவதற்காகப் பொறுக்கியெடுத்த பவளப்பாறைக் கற்களையும் சுண்ணாம்புக் கற்களையும் சாந்து ஏதுமின்றி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி மக்கள் வேலிகள் அமைத்துள்ளனர். வளவுகளின் எல்லையைக் காட்டுவதும், ஆடுமாடுகளைத் தடுப்பதும், நிலத்திலிருந்து அகற்றிய கல்லுக்கு இடம் தருவதும் ஆகிய மூன்று பயன்களும் இவற்றுக்கு உண்டு. சாந்து இல்லாததால் ஒரு கல்லை உருவினாலும் வரிசையே சரியக்கூடும். ஆகவே வேலியின் மேல் ஏறி நின்று படம் எடுப்பதைத் தவிர்க்க வேண்டும்.

பனை இங்கு முதன்மையான மரம். ஒடியல், புழுக்கொடியல், பனாட்டு போன்ற உணவுகளும் ஓலைப் பொருள்களும் அதிலிருந்து கிடைக்கின்றன. ஆட்கள் உள்ளே நுழையுமளவு பொந்துடைய ஒரு பெருக்குமரமும் இங்கு உள்ளது. ஆப்பிரிக்காவைத் தாயகமாகக் கொண்ட இம்மரத்தை அராபிய வணிகர் கொண்டுவந்திருக்கலாம் எனக் கருதப்படுகிறது.

குதிரைகள்

தீவின் தென்பகுதிப் புல்வெளிகளில் உரிமையாளர் இல்லாத மட்டக் குதிரைகள் கூட்டமாகத் திரிகின்றன. போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் குதிரை வளர்த்ததாகக் கூறப்படுகிறது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நோலன் என்ற ஆங்கிலேய அதிகாரியின் பொறுப்பிலும் வளர்ப்பு நடந்தது. குதிரைத் தேவை குறைந்தபின் எஞ்சியவற்றின் வழிவந்தவையே இவை எனப்படுகிறது.

இக்கடற்பகுதியில் குதிரை வணிகம் இன்னும் பழையது. அண்டைத் தீவான நயினாதீவில் உள்ள, முதலாம் பராக்கிரமபாகுவின் 12ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு, ஊராத்துறைக்கு வரும் பரதேசிகளைப் பாதுகாக்க வேண்டும் என ஆணையிடுகிறது. யானை, குதிரை ஏற்றிவந்த மரக்கலம் கெட்டால் நாலிலொரு பங்கு அரசுக்கும் மூன்று பங்கு உடையவருக்கும் உரியன என்றும் அது கூறுகிறது. கடல் தாண்டி வருபவரைக் காப்பது இத்தீவுகளில் எழுதப்பட்ட கடமையாகவே இருந்துள்ளது.

நன்னீர்

இத்தீவின் வாழ்வை முடிவு செய்வது நன்னீரே. மழைநீர் சுண்ணாம்புப் பாறையின் வெடிப்புகள் வழியாக இறங்கி, கீழேயுள்ள கடல்நீரின் மேல் மிதக்கிறது. உப்புநீரை விட நன்னீர் எடை குறைந்தது என்பதே இதற்குக் காரணம். இந்த நன்னீர்ப் படலம் மெல்லியது. கிணற்றில் அளவுக்கு மேல் இறைத்தால் கீழிருந்து உப்புநீர் மேலேறும். அப்படி உவரான கிணறு மீள நல்ல மழைக்காலங்கள் தேவைப்படும். வடகிழக்குப் பருவமழை முடிந்து மாதங்கள் செல்லச் செல்ல நீர் குறையும். கடும் வறட்சியில் குதிரைகள் நீரின்றி இறப்பதும் உண்டு.

விருந்தினர் அறிய வேண்டிய முதற் செய்தி இதுதான். "வாங்கோ, இருங்கோ" என்று அழைத்து, கேட்காமலே தேநீரோ தண்ணீரோ நீட்டும் வீடுகள் இங்கு உள்ளன. கிரிவலப் பாதையில் நீரும் மோரும் தருவோரை அறிந்தவர்களுக்கு இப்பண்பு புதிதன்று. ஆனால் இங்கே நீட்டப்படும் ஒரு செம்பு நீருக்காக ஒருவர் நெடுந்தூரம் நடந்திருக்கலாம். தருவதை மறுக்காமல் பெற்றுக்கொள்வதும், தம் தேவைக்கான நீரைத் தாமே கொண்டுசெல்வதும், வெறும் போத்தல்களைத் தம்முடன் திரும்ப எடுத்துவருவதும் முறையாகும்.

குமுதினிப் படகு

தீவினருக்குப் படகுதான் தெரு. மருத்துவம், மேற்படிப்பு, சந்தை எல்லாவற்றுக்கும் கடலைக் கடக்க வேண்டும். 1985 மே 15 அன்று நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவான் சென்ற குமுதினிப் படகு நடுக்கடலில் மறிக்கப்பட்டு, பெண்கள், குழந்தைகள் உட்பட இருபதுக்கும் மேற்பட்ட பயணிகள் வெட்டிக் கொல்லப்பட்டனர். தாக்கியவர்கள் கடற்படையினர் என உயிர் தப்பியோர் கூறினர். ஆண்டுதோறும் அந்நாளில் தீவில் நினைவேந்தல் நடைபெறுகிறது. அதே படகு பின்னரும் சேவையில் ஈடுபட்டது. மாவிலித்துறையில் இறங்குபவர் இதை அறிந்திருப்பது நல்லது.

பார்க்க வேண்டியவை

பவளக் கல்லால் கட்டிய ஐரோப்பியர் காலக் கோட்டையின் இடிபாடுகள், தூதுப் புறாக்களுக்கானது எனப்படும் புறாக்கூடு, மேற்கே வெடியரசன் கோட்டை என மக்கள் வழங்கும் கற்கட்டட எச்சங்கள், பெரிய ஆலமரம் ஆகியவை குறிப்பிடத்தக்கவை. 2015இல் தீவின் ஒரு பகுதி தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது.

செல்லும் வழி

தமிழ்நாட்டிலிருந்து செல்வோர் சென்னையிலிருந்து வான்வழியாக யாழ்ப்பாணம் சேரலாம். 2023 அக்டோபரில் தொடங்கிய நாகப்பட்டினம் – காங்கேசன்துறைக் கப்பலிலும் செல்லலாம். கப்பல் சேவை வானிலையால் அடிக்கடி தடைப்படுவதால் முன்கூட்டியே கேட்டறிய வேண்டும். கடவுச்சீட்டு கட்டாயம். யாழ்ப்பாணத்திலிருந்து வேலணை, புங்குடுதீவு வழியாகப் பேருந்தில் குறிகட்டுவான் இறங்குதுறையை அடைந்து, அங்கிருந்து ஏறத்தாழ ஒரு மணி நேரம் படகில் செல்ல வேண்டும். நயினாதீவுப் படகும் அதே துறையிலிருந்து புறப்படுவதால் ஏறும் முன் கேட்டுக்கொள்க. திரும்பும் படகைத் தவறவிட்டால் அன்றிரவு தீவிலேயே தங்க நேரிடும். படகில் இடம் குறைவாயின், மருத்துவமனைக்கோ பள்ளிக்கோ செல்லும் தீவினருக்கு முதலில் வழிவிட வேண்டும். அவர்களுக்கு வேறு தெரு இல்லை.