வழிந்த வண்ணப்பூச்சைத் திருத்துதல்
பேருந்து, டிராக்டர், இயந்திரம் ஆகியவற்றின் இரும்பைத் துருவினின்று காப்பது வண்ணப்பூச்சே. செங்குத்தான பரப்பில் அது அளவுக்கு மிஞ்சித் தடித்தால், உலருமுன் தன் எடையால் வழிந்துவிடும். தின்னர் மிகுதல், தெளிப்பானை மிக நெருக்கமாகப் பிடித்தல், கையை மெதுவாக நகர்த்தல் ஆகியவை இதற்குக் காரணங்கள்.

தூரிகையால் பூசியது ஈரமாக இருப்பின், அதே தூரிகையால் உடனே கீழிருந்து மேலாக நீவிவிடலாம். மேற்பரப்பு ஏடு கட்டிவிட்டாலோ தொடலாகாது. வெளியே உலர்ந்ததாகத் தோன்றினும் உள்ளே தின்னர் தங்கியிருக்கும். அப்போது தேய்த்தால் பூச்சு பிய்ந்து, துருவுக்கு வழி திறக்கும். முற்றிலும் இறுகிய பின்னரே, நீரில் நனையும் வகை 400 எண் உப்புத்தாளைக் கட்டையில் சுற்றி, மேட்டை மட்டும் தேய்த்துச் சமன்செய்து, மெல்லிதாக மீண்டும் பூசவேண்டும்.

தெளிப்பானைப் பரப்புக்கு நேராக 15 முதல் 20 செ.மீ. தொலைவில் பிடித்து, மெல்லிய படலங்களாகப் பூசினால் இக்குறை பெரும்பாலும் நேராது.