கூட்டு உழைப்பும் மனப்போக்கும்

ஊர் கூடித் தேர் இழுப்பதை நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம். வடத்தைப் பிடித்த கைகள் பல. ஆனால் அத்தனை கைகளும் முழுப் பலத்துடன் இழுக்கின்றனவா? பிரான்ஸ் தேசத்தில் வேளாண்மைப் பொறியியல் ஆசிரியராயிருந்த மாக்ஸ் ரிங்கெல்மான் என்பார் 1880-களில் இதைச் சோதித்துப் பார்த்தார். ஒருவர் தனியே இழுக்கும் பலத்தை 100 என்று கொண்டால், இருவர் சேர்ந்தபோது தலைக்கு 93, நால்வர் சேர்ந்தபோது 77, எண்மர் சேர்ந்தபோது 49 என்று அது குறைந்துகொண்டே போயிற்று.

எல்லோரும் ஒரே கணத்தில் இழுக்க முடியாமை இதற்கு ஒரு காரணம். ஆனால் அதுமட்டுமன்று என்பதைப் பிற்கால ஆராய்ச்சி காட்டியது. 1979-இல் அமெரிக்காவில் லட்டானே முதலிய மனோதத்துவ அறிஞர்கள், சிலரைத் தனியாகவும் கூட்டமாகவும் உரக்கக் கூவச் செய்து ஒலியை அளந்தனர். பிறரும் தம்முடன் கூவுகின்றனர் என்று நம்பிய மாத்திரத்திலேயே ஒவ்வொருவர் குரலும் தணிந்தது. பின்னர் நடந்த சோதனையில், கூட்டத்திலும் தத்தம் குரல் தனியே அளக்கப்படுகிறது என்று அறிந்தவர்கள் முன்போலவே உரக்கக் கூவினர். ஆகவே இது சோம்பேறிகளின் குணமன்று. தன் உழைப்பு எங்கே போய்ச் சேருகிறது என்று தெரியாத எந்த மனிதனிடமும் தோன்றும் தளர்ச்சியே ஆகும்.

இது நமது சங்கங்களுக்கு எவ்வாறு பொருந்தும்? நமது அனுபவம் ஒன்றைக் கூறுவோம். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நெசவாளர் சங்கத்தின் பொதுத் தறிக்கூடத்தைப் பார்வையிடச் சென்றிருந்தோம். வீட்டுத் தறியில் பழுதின்றி நெய்த அதே கைகள், கூடத்தில் பழுது மிகுந்த துணியை நெய்துகொண்டிருந்தன. கேட்டபோது, நெய்தவர் பாவைக் குறை கூறினார். பாவு ஓட்டியவர் கஞ்சியைக் குறை கூறினார். கஞ்சி போட்டவர் நூலைக் குறை கூறினார். பழுதுக்கு அபராதம் விதிக்கலாம் என்று நாம் அறிக்கையில் எழுதினோம். அடுத்த முறை சென்றபோது அபராதக் கணக்கு மிக ஒழுங்காயிருந்தது. பழுதான துணியோ, நல்ல துணியின் மடிப்புக்குள் மறைந்து விற்பனை நிலையம் வரை சென்று, திருப்பி அனுப்பப்பட்டிருந்தது. சங்கத்தின் நற்பெயர் குலைந்தது. நமது யோசனை தவறென்று அன்றே உணர்ந்தோம். எங்கே தவறினோம் என்பது, அகமதாபாத் நகரில் நடந்த ஒரு பரிசோதனையைப் படித்தபோதுதான் விளங்கிற்று.

அங்கே காலிகோ ஆலையில் 1952-இல் தானியங்கித் தறிகள் நிறுவப்பட்டன. ஒரு கூடத்தில் 224 தறிகள், 29 தொழிலாளர்கள். பொறியியல் முறைப்படி வேலை 12 வகையாகப் பகுக்கப்பட்டிருந்தது. நெய்வோர், தார் நிரப்புவோர், அறுந்த இழைகளைப் பிணைப்போர், புதிய பாவு ஏற்றுவோர், எண்ணெய் இடுவோர் என ஒவ்வொருவருக்கும் ஒரு வேலை. யந்திரம் புதிது, கணக்கும் சரி. ஆயினும் உற்பத்தி உயரவில்லை. துணியின் தரமும் திருப்தி அளிக்கவில்லை.

லண்டனிலுள்ள தாவிஸ்டாக் மனித உறவு ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த ஏ. கே. ரைஸ் என்பவர் 1953-இல் அங்கு வந்து ஆராய்ந்தார். அவர் கண்டது இதுதான்: நெய்பவருக்கு 24 அல்லது 32 தறிகள், தார் நிரப்புபவருக்கு 40 அல்லது 50, இழை பிணைப்பவருக்கு 60 அல்லது 80. ஒருவருடைய எல்லை மற்றவருடைய எல்லையோடு பொருந்தவில்லை. ஒரு தறி நின்றால் அது எவருடைய தறி என்று சொல்ல முடியாது. 29 பேர் இருந்தும் அவர்கள் ஒரு கூட்டமே அன்றிக் குழு அல்லர்.

ஆகவே, குறிப்பிட்ட சில தறிகளை ஒரு சிறு குழுவிடம் முழுமையாக ஒப்படைக்கலாம் என்ற யோசனை கூறப்பட்டது. அதைக் கேட்ட தொழிலாளர்கள், யார் யாருடன் சேர்வது என்று தாமாகவே பேசி முடிவு செய்து குழுக்களை அமைத்துக்கொண்டனர். யந்திரம் மாறவில்லை, மனிதரும் மாறவில்லை. தொடக்கத்தில் ஏற்பட்ட தடுமாற்றம் நீங்கியபின், ஓடவேண்டிய அளவில் நூற்றுக்கு 80 பங்கு ஓடிய தறிகள் 95 பங்கு ஓடின. பழுது நூற்றுக்கு 32-லிருந்து 20 ஆகக் குறைந்தது.

இதிலிருந்து நாம் அறிய வேண்டியவை மூன்று. முதலாவது, வேலை முழுமையாக இருத்தல் வேண்டும். கைத்தறிக் குடும்பத்தில் தார் சுற்றும் பெரியவர் முதல் நாடா எறிபவர் வரை எல்லோரும் ஒரே துணியைக் கண்முன் காண்கின்றனர். வீட்டுத் துணியில் பழுது குறைவாயிருப்பதன் இரகசியம் இதுவே. நாம் பார்த்த தறிக்கூடத்தில் அந்த முழுமை இல்லை. அதைத் தேடாமல் அபராதத்தைத் தேடினோம்.

இரண்டாவது, ஒவ்வொருவர் பங்கும் கண்ணுக்குப் புலப்பட வேண்டும். விவசாயிகள் சங்கத்தில் எல்லோருடைய நிலக்கடலையையும் ஒரே குவியலாகக் கொட்டி ஒரே விலை கொடுத்தால், நன்கு உலர்த்தியவரும் ஈரத்தோடு கொண்டுவந்தவரும் சமமாகின்றனர். அடுத்த பருவத்தில் யார் வெயிலில் நின்று உலர்த்துவார்? மூட்டைக்கு அடையாளமிட்டுத் தரம் பார்த்து விலை கொடுப்பது, அங்கத்தினரிடம் நம்பிக்கையின்மை அன்று. அவருடைய உழைப்புக்குச் செய்யும் மரியாதையே.

மூன்றாவது, ஏற்பாட்டில் உழைப்பவரின் சொல்லும் இருத்தல் வேண்டும். தாமே அமைத்த குழுவைத் தாமே கெடுக்க மனிதர் எளிதில் துணியார். மேலிருந்து வந்த உத்தரவுக்கோ, கைகட்டி நின்று ‘சரி’ என்பர். வேலையில் பழையபடியே இருப்பர்.

கூலி முக்கியமன்று என்று நாம் கூறவில்லை. நியாயமான கூலி கிடைக்காத இடத்தில் மனோதத்துவம் பேசுவது ஏமாற்று வித்தையாகும். கூலி அடித்தளம், அதன்மேல் எழும் ஊக்கத்தைப் பற்றியே பேசுகிறோம்.

மற்றோர் எச்சரிக்கையும் அவசியம். 1970-இல் எரிக் மில்லர் என்ற ஆராய்ச்சியாளர் அதே ஆலைக்குச் சென்று பார்த்தபோது, ஒரு கூடத்தில் குழு முறை பெரும்பாலும் நிலைத்திருந்தது. தானியங்கித் தறிக் கூடங்களிலோ அது தேய்ந்துபோயிருந்தது. அந்த ஆலையும் பின்னாளில் மூடப்பட்டுவிட்டது. ஒருமுறை அமைத்த ஏற்பாடு தானே நடந்துகொண்டிருக்கும் என்று எண்ணுதல் பிழை. ஏற்றிய பாவை நாள்தோறும் கவனிப்பதுபோல், குழுவையும் கவனித்துவர வேண்டும்.

கூட்டுறவு என்ற சொல்லில் ‘கூட்டு’ம் உண்டு, ‘உறவு’ம் உண்டு. பதிவேட்டில் பெயர்கள் ஏறினால் கூட்டு உண்டாகிவிடும். உறவு அப்படி உண்டாவதன்று. அடுத்த மகாசபையில், ஆண்டறிக்கையைப் படித்து முடித்தபின், ஒரு கேள்வியை முன்வைக்குமாறு அங்கத்தினர்களை வேண்டுகிறோம்: “நமது சங்கத்தில் எந்த வேலை எவருடையது என்று சொல்ல முடியாமல் கிடக்கிறது?” அதற்குக் கிடைக்கும் விடையிலிருந்து சீர்திருத்தத்தைத் தொடங்கலாம்.